டிரவுட் பிடிக்க வந்த விருந்தாளி

ஜூன் 13, செவ்வாய்

துடியலூரில் காலையிலிருந்து சாரல். பஸ்ஸில் இடமில்லை. குடை ரிப்பேர்.

கம்பெனிக்கு இங்கிலாந்திலிருந்து மிஸ்டர் ஹெ. வந்திருக்கிறார், பம்ப் வாங்க. இன்னும் ஆர்டரில் கையெழுத்துப் போடவில்லை. அதற்குள் நீலகிரியில் டிரவுட் மீன் பிடிக்க வேண்டுமாம்.

முதலாளி என் மேசைக்கே வந்துவிட்டார். "நீதாங் கண்ணு கூடப் போகோணும். இங்கிலீஷ் படிச்ச புள்ள வேற ஆரு இருக்கறா?"

தலையாட்டிவிட்டேன். பி.ஏ. முடித்தும் வெள்ளைக்காரரிடம் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

அம்மா: "ஆம்பளைங்களோட மலைக்கா?"

"டிரைவர் பழனியண்ணன் வர்றாருங்கம்மா."

"அப்பாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன். அங்க குளுரும், சொட்டர் எடுத்துக்க."

சொட்டரோடு இங்கிலீஷ் அகராதியையும் பையில் வைத்தேன்.

ஜூன் 14, புதன்

மலை ஏறும்போது குமட்டல். மேற்கே பார்த்து ஓடும் ஆறு. கடுங்குளிர்.

அவர் தூண்டிலில் புழு இல்லை. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி. சாட்டை வீசுவதுபோல் வீசுகிறார். ஒரு மீன் மாட்டியது. உடம்பெல்லாம் புள்ளி, அழகு. கொக்கியைக் கழற்றித் திரும்ப ஆற்றிலேயே விட்டார்.

"ஏனுங்க அம்மணி, இதுக்கா பிளேனேறி வந்தாரு? கொழம்புக்காச்சும் ஆகியிருக்கும்," என்றார் பழனியண்ணன். ஜீப்பில் போய்த் தூங்கிவிட்டார்.

மேலே மலை மழைமேகத்தில் கறுத்திருந்தது. திடீரென்று ஆற்றில் சருகு, நுரை. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. கரையோரம் கழற்றி வைத்த என் செருப்பைக் காணோம். அவர் தொடையளவு நீரில், மீனையே பார்த்தபடி. கத்தினேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையை நீட்டி வாங்க, வாங்க என்று கூப்பிட்டேன். பார்த்தார். தலையாட்டினார். இன்னும் உள்ளே போனார்! வேகமாகக் கூப்பிட்டேன். இன்னும் உள்ளே. இடுப்பளவு.

கல்லை எடுத்து வீசினேன். அவர் முன்னால் விழுந்தது. இன்னொன்று. முகம் சிவக்கக் கரைக்கு வந்தார், என்னைத் திட்ட. திட்டி முடிப்பதற்குள் அவர் நின்ற இடத்தில் ஒரு மரமே உருண்டு போனது.

மரம் போன திசையையே பார்த்தார். பிறகு, நீதானே தள்ளிப் போகச் சொன்னாய் என்றார். நான் செய்ததுபோலவே உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை ஆட்டிக் காட்டினார். அவர்கள் ஊரில் அப்படிச் செய்தால் போகச் சொல்கிறார்களாம்.

நானே அவரை அனுப்பியிருக்கிறேன். வழியெல்லாம் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஜூன் 15, வியாழன்

தூக்கமில்லை. வேலை போனால் அப்பா என்ன சொல்வார்.

பதினொரு மணிக்கு முதலாளி கூப்பிட்டார். சோபாவில் மிஸ்டர் ஹெ.

"தொர மேல கல்ல உட்டு எறிஞ்சியா?"

"ஆமாங்க."

"கையெழுத்துப் போட்டுட்டாரு. ஞாயித்துக்கெழம மறுக்கா ஆத்துக்குப் போறாராம். கல்லெறியற புள்ள கரையில நின்னாத்தான் எறங்குவாராம்."

சரிங்க என்றுவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது.