பின்னால் ஊற்றும் தண்ணீர்

அன்பு மகனுக்கு,

காசு போட்டால் தண்ணீர் பீய்ச்சும், வந்தவரே காரைக் கழுவிக்கொள்ளலாம் என்று நீ சொன்ன அந்தக் கடையை நம் ஊர் குஜந்தில் திறந்துவிட்டேன். "தன் காரைத் தானே கழுவ எவன்டா காசு கொடுப்பான்?" என்று உன்னைப் பார்த்துச் சிரித்தேனே, இப்போது வரிசையில் நிற்கிறார்கள்.

உன் அம்மா வெளிவாசலில் நின்று, கிளம்பும் ஒவ்வொரு காரின் பின்னாலும் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றுகிறாள்.

"இவ்வளவு கழுவியும் போதலையா அத்தை?" என்று கேலி செய்தான் டாக்சிக்கார ஷெராலி.

"போறவன் திரும்பி வரணும்ல. உன்னைப் பெத்தவளுக்காக ஊத்துறேன்டா," என்றாள்.

நீ மாஸ்கோவுக்குக் கிளம்பிய அன்று, "போறவன் போகட்டும், தண்ணிய வீணாக்காதே" என்று அவள் கிண்ணத்தைத் தட்டிவிட்டவன் நான்தான். நாலு வருடம் ஆகிறது.

ஷெராலி வாரம் தவறாமல் வருகிறான். எல்லோரும் திரும்பி வருகிறார்கள், மகனே.

உன் அப்பா