மது வரைந்த அடுப்படி

உமையாள்,

நம்ம மதுவோட ஆபீஸ் கார்டைத் திருப்பிக் கொடுக்க ஷா ஆலம் போறேன். அவ போட்டோவுக்குப் பூ மாத்திட்டேன். இட்லி குக்கர்ல இருக்கு. சாப்பிடு, நேத்தும் நீ சாப்பிடல.

மேசையில அவ லேப்டாப் திறந்திருக்கு. மூடிடாத. நேத்து நீ அழுகை தாங்காம மூடினதும் படம் மறைஞ்சு போச்சு, நானும் புத்தி கெட்டுப்போய் உங்கிட்ட கத்திட்டேன். படம் அழியல உமையாள். வரையிற புரோகிராம், அவ வரைஞ்சது எல்லாமே ஷா ஆலத்துல, ஆபீஸ் சர்வர்லதான் இருக்கு. இங்க அதோட விண்டோ மட்டும் லைன் வழியா வந்து தெரியுது. மூடினா லைன் அறுந்துரும், அவ்வளவுதான். அவகூட வேலை செஞ்ச சேவுகன்கிட்ட போன்ல கேட்டுக் காலையில திரும்பத் திறந்துட்டேன்.

சாயந்திரம் சர்வர்ல அவ அக்கவுண்டை எடுத்துருவாங்க. "அதுக்குள்ள வீட்டுக்கு வந்து, திறந்திருக்கிற அவ லேப்டாப்லயே காப்பி பண்ணித் தரேன் அங்கிள், கவலப்படாதீங்க லா"ன்னான் சேவுகன். வந்தா டீ போட்டுக் குடு. கேட் சாவி செருப்பு ரேக் மேல.

பி.கு. அது என்ன படம்னு நீ பார்க்கவே இல்ல. கிள்ளான்ல வாங்கின வீட்டுக்கு, உனக்காக அடுப்படி வரைஞ்சிருக்கா. நீ எக்க வேண்டாம்னு மேடையத் தாழ்த்தி வச்சிருக்கா.

இன்னும் ஒண்ணு, தாள்ல இடம் பத்தல. மேடை பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு, "நான் உக்காந்து அம்மாகூடப் பேச"ன்னு எழுதியிருக்கா.