சக்களத்தியை விற்றேன்

மார்ச் 3, செவ்வாய்

காரை வாங்க இன்றைக்கும் ஒருத்தர் வந்தார், போனார். மூன்றாவது ஆள். ஷெட்டுக்குள் நுழைந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை, கதவைத் திறக்கவில்லை. நேராகப் போய் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "சூடா இருக்கே" என்றார். முகமே மாறிவிட்டது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

தரகர் தலையில் அடித்துக்கொண்டார். "எத்தனை தடவைம்மா சொல்றது? பழைய வண்டி வாங்குறவன் ஆறின எஞ்சினைத்தான் கேப்பான். முன்னாடியே சூடு பண்ணி வெச்சா, காலையில ஸ்டார்ட் ஆகாத வண்டியை அவன் தலையில கட்டுறோம்னு நினைப்பான்."

சரி சரி என்று மண்டையை ஆட்டினேன். போன தடவையும் ஆட்டினேன்.

மார்ச் 4, புதன்

ஏழு மணி. ஸ்டார்ட் பண்ணினேன். பத்து நிமிஷம்.

மார்ச் 8, ஞாயிறு

மகள் போன். "இன்னும் விக்கலையா? அப்பா போயி ரெண்டு வருஷமாச்சு. உனக்கு ஓட்டவும் தெரியாது. அதை வெச்சுக்கிட்டு என்னதான்மா பண்ற?"

"தாலாட்டு பாடுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பாவம், அவள் என்ன தப்பாகக் கேட்டாள்?

அவர் இருந்தபோது இந்த வண்டிக்கு நான் வைத்த பேர் சக்களத்தி. ஞாயிறு முழுக்க அவள் காலடியில்தான் கிடப்பார். என் பிறந்தநாள் மறந்துபோகும், அவளுக்கு ஆயில் மாற்றுகிற தேதி மறக்காது. இத்தனை வருஷத்தில் நான் அதில் ஏறியது பத்துத் தடவை இருக்கும். வீம்பு. இப்போது இந்த வீட்டில் வாயைத் திறக்கிறவள் அவள் ஒருத்திதான். காலையில் அந்தச் சத்தம் கேட்டால்தான் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது. மகளிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போய்விடுவாள்.

எதிர்வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. நான் சாவியைத் திருப்பியதும் படார் என்று ஜன்னலைச் சாத்துகிறார். ஒண்டிக்கட்டை, வேறு வேலை இல்லை. சாத்தட்டும்.

மார்ச் 11, புதன்

தரகர்: "சின்ன வயசுல இந்த வண்டியைத் தெருவுல பார்த்து ஏங்கினவங்கதான்மா இப்ப வாங்குறாங்க. அவங்களுக்கும் வயசாகுது. இன்னும் அஞ்சு வருஷம் போனா ஏங்கவே ஆள் இருக்காது. அப்புறம் நீங்க சும்மா குடுத்தாலும் எவனும் எடுக்க மாட்டான்."

நியாயம்தான். ஆனாலும் காலையில் ஸ்டார்ட் பண்ணினேன். வேணும்னேதான் பண்றேனா நான்?

மார்ச் 14, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

ஒரு வாரமாகச் சத்தம் கரகரவென்று இருக்கவே மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அடியில் படுத்து சைலன்சரை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். நனைந்த அட்டை மாதிரி பொத்துக்கொண்டது.

"யாரும்மா இதைத் தினம் நின்ன இடத்துலயே ஓடவிடுறது?"

"நான்தான். பேட்டரி போயிடக் கூடாதேன்னு…"

"போச்சு போங்க. பத்து நிமிஷத்துல சைலன்சர் சரியா சூடாகாது. உள்ளே வேர்த்துத் தண்ணி தேங்கி, துரு தின்னுடுச்சு. ஓட்டினா ரோட்டுல ஓட்டணும். இல்லேன்னா தொடாம விட்டுடணும்."

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டதை ரெண்டே வருஷத்தில் நான் கெடுத்திருக்கிறேன். ஐயோ, நல்லது பண்றதாத்தானே நினைச்சேன்! எனக்குத் துணை வேணும்னு அதைப் போட்டு… ஏங்க, என் மேல கோவமா?

அழுது முடித்துவிட்டுத் தரகருக்குப் போன் பண்ணினேன். "நாளைக்கே யாரையாவது வரச் சொல்லுங்க. சூடு இருக்காது."

மார்ச் 15, ஞாயிறு

ஏழு மணிக்கு ஷெட்டுப் பக்கமே போகவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன்.

ஒன்பது மணிக்கு ஒரு பல் டாக்டர் அம்மா வந்தார், ஐம்பது வயதிருக்கும். பானெட்டில் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது. சைலன்சர் விஷயத்தை நானே சொன்னேன். தரகர் கண்ணால் ஜாடை காட்டினார், நான் கண்டுகொள்ளவில்லை.

"அதை மாத்திக்கலாம்மா. நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் டாக்டர்.

சோக்கை இழுத்தேன். இருமினாள், நின்றாள். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டாள். அந்தம்மா சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். அங்கேயே முடிவாகிவிட்டது.

சாயங்காலம் எடுத்துப்போக வந்தபோது, "தெருமுனை வரைக்கும் வாங்களேன்" என்றார். ஏறினேன். பதினோராவது தடவை. முனையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தேன். ஷெட்டில் தரையில் எண்ணெய்க்கறை மட்டும். அதைத் துடைக்க மனசு வரவில்லை.

மார்ச் 16, திங்கள்

எட்டு மணிக்கு யாரோ கதவை இடித்தார்கள். எதிர்வீட்டுக்காரர். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

"வண்டிச் சத்தமே கேக்கலையே… உடம்புக்கு ஒண்ணுமில்லையே? நேத்து ஒன்பது மணிக்காவது கேட்டுது. இன்னைக்கு எட்டாகியும் காணோம்."

"வித்தாச்சு" என்றேன்.

"ஓ." நின்றுகொண்டே இருந்தார். "அது கேட்டாத்தான் நான் பிரஷர் மாத்திரை போடுறது. எனக்கு மறதி ஜாஸ்தி."

"அப்புறம் எதுக்கு ஜன்னலைப் படார்னு சாத்துறீங்க?"

"சாத்தலீங்க, திறக்குறேன். இறுகிப்போன ஜன்னல், இழுத்து அடிச்சாத்தான் வரும்."

ரெண்டு வருஷமாக இந்த மனுஷரைத் திட்டிக்கொண்டிருந்தேனே! "பொத்தானைச் சரியாப் போடுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஏழு மணி. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். "போட்டாச்சு, போட்டாச்சு" என்று உள்ளேயிருந்து குரல். "மாத்திரை அட்டையைக் கொண்டாங்க பார்ப்போம்" என்றேன். மனுஷர் திருதிருவென்று முழித்தார். என் எதிரிலேயே விழுங்க வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

நாளைக்கும் போகணும்.