நீ மூடாமல் விட்ட திருத்தம்

எழுத்து மேலும் கீழும் ஓடுவதைப் பொறுத்துக்கொள். ஒரு வரி முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிப்போகிறது. ஆனால் அறுபத்தெட்டு வயதில் ஒருவனை என் கையாலேயே திட்டி எழுதுவது எவ்வளவு சுகம் என்று உனக்குத் தெரியாது.

இன்று காலை மகள் செல்வியின் கணினியில் உன் கேள்வியை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். "பத்துப் பேர் கையில் கொடுத்துப் பார்த்தீர்களா, அண்ணே?" பதினோரு மாதமாக அது அங்கேயே நிற்கிறது. நீ போய் நான்கு மாதம் ஆகிறது.

எதிர்வீட்டுக்காரன் நீ. ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே, என்னைப் போன்ற பெரியவர்கள் போனில் விரலால் எழுதிப் பழக ஒரு செயலி செய்து இலவசமாக விட்டாய். அதன் உள்வேலையை யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். உள்ளே சேர்ப்பது மட்டும் உன் கையில். அந்தத் திமிர்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

முப்பது வருடம் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் போய்வந்த கை என்னுடையது. மெல்லத்தான் நகரும். பாதி எழுத்தில் விரல் ஓய்ந்தால் உன் செயலி அதை அழித்துவிடும். செல்வி கம்ப்யூட்டர் படித்தவள். காத்திருக்கும் நேரத்தை நீட்டி ஒரு திருத்தம் அனுப்பினாள். மூன்று வாரம் பதில் இல்லை. நேராக உன் வாசலுக்கே வந்தேன்.

"மூணு செகண்ட் ஜாஸ்தி வைக்க உனக்கு இன்னா பேஜாரு?"

"அறுபது திருத்தம் நிக்குதுண்ணே. எனக்கு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம்தான். அவசரத்துல ஒன்ன உள்ள வுட்டா, அது எங்கெங்க உடைக்குதுன்னு அப்புறம் நான்தான் தேடணும். அனுப்புனவங்க போய்ட்டிருப்பாங்க."

"நான் எங்கடா போவப் போறேன்? எதிர்வீடு!"

"எதிர்வீட்டுக்குன்னு தனி வரிசை கிடையாதுண்ணே. ஒரு பத்துப் பேர் கையில குடுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க. என் வேலை பாதி கம்மியாவும்."

"நான் இன்னா உன் கூலி ஆளா? பெரிய கலெக்டரு!"

உள்ளே உன் மனைவி சிரித்தது கேட்டது. அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். அதே கேள்வியை நீ எழுதி அனுப்பியபோது, பதில் போடக் கூடாது என்று செல்வியைத் தடுத்தேன். நோட்டு வாங்கிக்கொண்டு தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஞாயிறு காலை நடக்கும் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். நான் எழுதப் படித்தது உன் தயவால் இல்லை, உன் மேலிருந்த வெறுப்பால். உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் நான் தெருவைத் தாண்டி வரவில்லை. வழியில் பள்ளிகொண்டா போகும் முன்பே முடிந்துவிட்டதாம்.

இன்று செல்வி இன்னொன்றும் காட்டினாள். மூன்று மாதம் பதில் வராத திருத்தத்தை வரிசையிலிருந்து தள்ளி மூடிவிடுவது உன் வழக்கம். யாருடையதாக இருந்தாலும் மூடியிருக்கிறாய். எங்களுடையதை மட்டும் மூடவில்லை. தனி வரிசை கிடையாது என்றவன்தானே நீ? பொய்யன்.

வகுப்பில் பாதிப் பேர் உன் செயலியில்தான் பழகுகிறார்கள். எழுத எழுத அழிகிறது என்று கை மெதுவான நாலு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களை நிறுத்தியது நீதான் என்று இவ்வளவு நாள் ஊரெல்லாம் சொன்னேன். நான் ஒரு பதில் போட்டிருந்தால் போதும்.

இன்று அந்தத் திருத்தத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். ஐந்து பேர் கை நன்றாக வந்தது. ஆறாவது, ஷூ தைக்கும் மல்லிகா. அவள் விரல் வேகம். காத்திருக்கும் நேரம் நீண்டதால் முதல் எழுத்து நகர்வதற்குள் அடுத்ததைப் போட, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"இன்னா மாமா, உனக்கு நல்லது பண்ணிக்கிறேன்னு எனக்கு வேட்டு வச்சிட்டியே!" என்றாள்.

நீ சொன்னதுதான் நடந்தது. சந்தோஷமா உனக்கு?

நேரத்தை அவரவரே வைத்துக்கொள்ளும்படி செல்வி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள். இன்று பார்த்த ஆறு கையும் செல்லாது, முதல் கையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்கிறாள். வராமல் போன நாலு பேர் வீட்டுக்கும் நானே போய்க் கூப்பிடப் போகிறேன். இப்போது வரிசையைப் பார்ப்பது மதுரையில் ஒரு பெண். அவளுக்கும் ஞாயிறு மட்டும்தானாம். பத்துக் கையும் ஆகாமல் அவளைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அடுத்த ஞாயிறு எத்தனை கை ஆயிற்று என்று உனக்கும் எழுதுவேன். படிக்க நேரமில்லை என்று இனி நீ சொல்ல முடியாது.