முட்டிவலி என்று சொன்ன பொய்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. நானும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அதை எழுதப் போவதில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன், போனில் என்றால் இரண்டாவது நிமிடமே குட்டியைக் காட்டிவிட்டு நீ வைத்துவிடுவாய். குற்றம் சொல்லவில்லை, உனக்கு என் மேல் கோபம் என்று தெரியும். குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதாமே, இனி கையில் கிடைப்பதை எல்லாம் கடிப்பாள், சார்ஜர் வயரை எட்டாத இடத்தில் வை.

போன வருஷம் எங்கள் டிரைவிங் ஸ்கூல் காரைப் பின்னால் யாரோ லேசாக இடித்துவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா, அது லேசான இடி இல்லை. அப்போது உனக்கு ஏழாம் மாதம், எதற்குக் கலவரப்படுத்துவது என்று பாதியை முழுங்கிவிட்டேன். அன்று காலை எட்டரை மணிக்குச் சிவப்பு சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். ஸ்டியரிங்கில் ஒரு பள்ளி ஆசிரியை, அவருக்கு அது நாலாவது நாள் வகுப்பு, பக்கத்து சீட்டில் நான். பின்னால் வந்த சிமெண்ட் லாரி நிற்கவில்லை. சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதை இருக்கிற பலத்தை எல்லாம் திரட்டி மிதித்தேன். இருபத்திரண்டு வருஷமாக என்னைக் கைவிடாத பிரேக், அன்று மிதிக்க மிதிக்க, லாரி தள்ளியதில் வண்டி முன்னால் போய்க்கொண்டே இருந்தது, முன்னே நின்ற பஸ்ஸில் போய் முட்டுகிற வரைக்கும். ஆசிரியைக்குக் கால் எலும்பு முறிந்தது, எனக்குக் கழுத்துப் பிடிப்பு மட்டும்தான். அவர் கட்டுப் பிரித்து, தேர்வில் பாஸாகி, இப்போது தானே கார் ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார். சொல்லிக்கொடுத்த மகராசி நான் எங்கே போனாலும் நடந்து போகிறேன்.

ஆமாம் வாயாடி, என்னால் காரில் உட்கார முடியவில்லை. லாரி ஹாரன் கேட்டால் கையிலிருக்கிற பை கீழே விழுகிறது. கண்ணை மூடினால் அந்த பஸ்ஸின் பின்பக்கம்தான் வருகிறது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதே என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும், இப்படியே மிதித்தால் கீழ்வீட்டுக்காரர் தலையில் போய் இறங்குவாய் என்று உன் அப்பா கேலி செய்வார், பிறகு அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். ஸ்கூல் முதலாளியம்மா என்னை ஆபீஸில் உட்கார வைத்து விண்ணப்பம் நிரப்பச் சொல்லியிருக்கிறார், சம்பளம் பாதி, மரியாதை முழுசு. இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உன் பிரசவத்துக்கு நான் வராததற்குக் காரணம் முட்டிவலி இல்லை. பெட்டி கட்டி, வாடகைக் கார் ஏறி, விமான நிலையத்துக்குக் கிளம்பியாகிவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அப்பா கையைப் பிடித்தபடி பாதி தூரம் போய்விட்டேன். மேம்பாலத்தில் நெரிசலில் கார் நின்றது, பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. அவ்வளவுதான், எனக்கு மூச்சு வரவில்லை, கதவைத் திறந்து இறங்கிப் பாலத்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அப்பா கெஞ்சினார், டிரைவர் தண்ணீர் கொடுத்தார், விமானம் போய்விட்டது. நானும் அப்பாவும் மூன்று மணி நேரம் நடந்தே வீட்டுக்குத் திரும்பினோம், பெட்டி மட்டும் காரில் வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கிவிட்டது என்று சொல்லச் சொன்னவள் நான்தான், அப்பாவைத் திட்டாதே. முட்டிவலிக்காரங்க எல்லாம் பிளேன் ஏறத்தான் செய்றாங்கம்மா என்றாய். ஊருக்கெல்லாம் பயப்படாதே பயப்படாதே என்று சொல்லிக்கொடுத்தவள், பயத்தினால் வரவில்லை என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது, வெட்கமாக இருந்தது.

அந்த லாரிக்காரர் மேலும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி மேலும் நஷ்டஈட்டு வழக்குப் போட்டிருக்கிறோம். கழுத்து வைத்தியத்துக்குக் கொடுத்தார்கள், மனசுக்குக் கொடுக்க மாட்டார்களாம், காயம் எதுவும் தெரியவில்லையாம். அதில் என் முட்டாள்தனமும் சேர்ந்துகொண்டது. அவர்கள் தரப்பு டாக்டர் எப்படி இருக்கீங்க என்று கேட்டார், நல்லா இருக்கேன் டாக்டர், நீங்க நல்லா இருக்கீங்களா என்றேன். தூக்கம் வருகிறதா என்றார், அதெல்லாம் ஒரு குறையும் இல்லை என்றேன். முன்பின் தெரியாத மனிதரிடம் போய் யாராவது புலம்புவார்களா, நீயே சொல். அவர் அதை அப்படியே எழுதி, இந்த அம்மாவுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று கோர்ட்டில் கொடுத்துவிட்டார். நம் வக்கீல் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், தலையில் அடித்துக்கொண்டாள், உங்க மரியாதையே கேஸைக் கெடுத்துடும்மா என்றாள். அவள்தான் என்னை ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினாள். விபத்தின் அதிர்ச்சி மனசில் தங்கிவிட்டது, இது கோழைத்தனம் இல்லை, இதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு என்று அந்த மருத்துவர் சொன்னதும் நான் அழுதுவிட்டேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் நிற்கிற காரில் பத்து நிமிடம் உட்காருகிறேன். போன வாரம் என்ஜினையும் போட்டார்கள், நான் இறங்கவில்லை.

அடுத்த மாதம் பதினாலாம் தேதி நான் சாட்சி சொல்ல வேண்டும். இந்தப் பயத்தால் நீங்கள் இழந்தது என்ன என்று கேட்பார்கள், என்ன சொல்வீர்கள் என்று வக்கீல் ஒத்திகை பார்த்தாள். சம்பளம் என்றேன், தூக்கம் என்றேன். வேறு, வேறு என்று விடாமல் கேட்டாள். “என் பொண்ணு வலியில அம்மான்னு கத்தினப்ப நான் அவ பக்கத்துல இல்ல” என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அந்த விமான டிக்கெட்டைக் கோர்ட்டில் கொடுத்துவிடலாம், இதைவிடப் பெரிய ஆதாரம் நம்மிடம் இல்லை என்கிறாள். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். ஜட்ஜுக்குத் தெரிவதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும். உன் பிரசவத்தைப் பற்றிக் கோர்ட்டில் பேசுவது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் கொடுக்க மாட்டேன், கேஸ் போனால் போகட்டும். கொடுக்கலாமா வேண்டாமா என்று மட்டும் கடிதம் கிடைத்ததும் சொல். கோபம் தீர்ந்துவிட்டது என்று எனக்காக அவசரப்பட்டு எழுதிவிடாதே, அது தீரும்போது தீரட்டும்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் இருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. குட்டியின் சீட் பெல்ட்டைத் தினமும் ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பும்படி மாப்பிள்ளையிடம் சொல்.

இப்படிக்கு,
உன் பிரசவத்துக்குப் பாதி வழி வரை வந்த
அம்மா