அந்த வின்ச் பிரேக்கில் நான் செருகிய ஆணி

அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. என் தங்கச்சி கௌரி இப்போதுதான் இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். உன் சைக்கிளை யார் கேட்டாலும் தர மாட்டேன் என்கிறாள். நீ இருக்கும்போது சொல்லாத ஒன்றை இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூற்றொன்றில் பென்னலூர் பட்டறையில் நாம் இரண்டு பேரும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு கப்பல் பயிற்சிப் பள்ளி, இழுவைக் கப்பலின் வின்ச்சைப் பத்தில் ஒரு பங்கு அளவில், நிஜமாகவே ஓடுகிற மாதிரி செய்து தரச் சொல்லிக் கேட்டது. நடுக்கடலில் பெரிய கப்பலைக் கட்டி இழுக்கும் கம்பிவடத்தைச் சுற்றுகிற யந்திரம். நீ வரைபடத்தைப் பார்த்ததும், "இதுக்கு உசுரே பிரேக்லதான் கீது மச்சான், அத நான் பாத்துக்கிறேன்" என்றாய்.

டிரம்மைச் சுற்றி இறுக்கும் பிரேக் பட்டையை நீயே கணக்குப் போட்டு, நீயே அறுத்து, நீயே வளைத்தாய். பட்டையின் நுனியைப் பிடிக்கும் எஃகு முளை மட்டும் என் வேலை. பள்ளிக்காரர்கள் பார்க்க வந்த அன்று காலை அதைத் தப்பாகக் கடைந்து கெடுத்துவிட்டேன். வேறு செய்ய நேரமில்லை. உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒரு ஆணியை வெட்டி, அரத்தால் தேய்த்து, எண்ணெய் தடவிச் செருகினேன்.

மோட்டார் ஓடியது. கம்பிவடம் மணல் மூட்டையைத் தூக்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். நீ பிரேக்கைப் போட்டாய். ஆணி முறிந்தது. மூட்டை கீழே விழ, டிரம் பின்னோக்கிச் சுழன்று பல்சக்கரங்கள் பொடிப்பொடியாயின.

"பிரேக் யார் செஞ்சது?" முதலாளி கேட்டார்.

"நான்தான் சார்" என்றாய். நான் குனிந்து, தரையில் கிடந்த ஆணித் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அதை இன்னான்னு சொல்வது மச்சான்?

உன்னை லேத்திலிருந்து எடுத்தார்கள். ஒரே மாதத்தில் வேலையை விட்டாய். பிறகு கடைசிவரை ஒரகடத்தில் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. நான் ஃபோர்மேன் ஆனேன். அடுத்த வருஷம் நீ என் தங்கச்சியைக் கட்டினாய். பந்தலில் உன் கையைப் பிடித்தபோதாவது சொல்லியிருக்கலாம்.

எத்தனை பொங்கலுக்கு வந்தேன்! ஒவ்வொரு தடவையும் காலண்டர் தாளின் பின்பக்கம் அந்தப் பிரேக்கை மறுபடி வரைந்து காட்டுவாய். "கணக்கு சரியாத்தான் வருது மச்சான். அப்புறம் ஏன் வுட்டுச்சு?" நான், "பழசை வுடு" என்பேன். உன்னை நீயே சந்தேகப்பட்டுக்கொண்டு முப்பது வருஷம் இருந்தாயே, எப்படித் தூங்கினாய்? நான் எப்படித் தூங்கினேன்?

போன வாரம் கௌரியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. "அவரு இருக்கும்போது சொல்லியிருந்தா, அன்னிக்கு ஒரு நாளாவது நிம்மதியா சாப்ட்டிருப்பாரு" என்றாள். அப்புறம் எழுந்து உள்ளே போகிறபோது, "எங்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சிதுன்னு நெனைக்காத. என் பொண்ணுகிட்டயும் நீயே சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் மகள் உங்கள் மண்ணூர் வீட்டுக்கு வருகிறாள். அவள் போடும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், நின்றுகொண்டே சொல்லிவிடுவேன். அப்போது சின்ன வயசு, பயம் என்றெல்லாம் சேர்க்க மாட்டேன். அவள் என்ன கேட்டாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன், மச்சான்.

உன் கையைப் பிடித்துத் தங்கையைக் கொடுத்த,
உன் மச்சான்
தனசேகர்