தேர்வுக்கு வா, யோலண்டா

அன்புள்ள யோலண்டாவுக்கு, மார்லீன் எழுதுவது.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே குப்பையில் போடுவாய் என்று தெரியும். அதனால்தான் முகவரியை ரேயை எழுதச் சொன்னேன். என் கணவரின் கோழிக்கிறுக்கலைத் தபால்காரர் படித்ததே பெரிய விஷயம். கோபப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

தெற்கே நாக்ஸ்வில்லில் உன் அக்கா வீட்டில் நீ சௌகரியமாக இருப்பதாக உன் பிள்ளை டெரல் சொன்னான். இங்கே கடையில் அவனைப் பார்த்தேன். முன்பெல்லாம் "ஆன்ட்டி" என்று தோளில் சாய்வான். இந்த முறை கைகொடுத்துவிட்டுப் போனான். அங்கே மரமெல்லாம் பூத்திருக்கும். இங்கே ஏப்ரல் வந்தும் ஏரிக்காற்று விடவில்லை, இன்னும் பனி அள்ளுகிறோம். ரேய்க்கு முதுகு பிடித்துக்கொண்டு சோபாவே கதி என்று கிடக்கிறார்.

கன்ட்ரோல் ரூமில் உன் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். 911 அவசர அழைப்பில் யாராவது கத்தினால் அவளும் சேர்ந்து அழுகிறாள். நீ இருந்தால் ஒரு வாரத்தில் தேற்றியிருப்பாய். எனக்கு அந்தப் பொறுமை ஏது? போன வெள்ளிக்கிழமை எல்லோரும் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்தோம். எப்போதும் நீ செய்துவரும் பீச் பழப் பதார்த்தத்தை மட்டும் யாரோ கடையில் வாங்கி வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் மிஞ்சிப்போயிற்று.

சரி, சுற்றி வளைத்தது போதும். ஷிஃப்ட் சூப்பர்வைசர் பதவிக்கு நம் நகராட்சியில் எழுத்துத் தேர்வு வைக்காமல் ஆள் போட்டதில்லை. புது டைரக்டர் வந்தார், தேர்வெல்லாம் பழங்காலத்துப் பழக்கம் என்றார், யாருக்கும் அறிவிக்காமல் தனக்குத் தோன்றியவர்களைக் கூப்பிட்டுப் பேசி உன்னை நியமித்தார். செய்தி கேட்டு முதலில் ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொண்டது நான். தற்காலிகப் பொறுப்பு என்று நினைத்தேன். நிரந்தரம் என்று தெரிந்ததும் நம் தொழிற்சங்கத்தின் புகார் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டதும் நான்தான். இன்றைக்கு விதியை உனக்காக வளைத்தவர் நாளைக்குத் தன்னோடு கோல்ஃப் ஆடுகிறவனுக்காக வளைப்பார். இதில் என் எண்ணம் மாறவில்லை, மாறாது.

மனுவைக் கொடுக்கும் முன்பே கார் நிறுத்துமிடத்தில் உன்னிடம் சொன்னேன். உனக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. "உன் மேல இல்லடி, அந்த ஆள் மேலதான்" என்றேன். நீ காரின் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிக்கொண்டே, "பேப்பர்ல இருக்கறது என் பேருடி. அந்த ஆள் பேரா இருக்கு?" என்றாய். பிறகு திரும்பிப் பார்த்து, "கறுப்புப் பொம்பள ஒருத்தி அந்த நாற்காலியில உட்காரற வரைக்கும் இங்க யாருக்கும் ரூல் ஞாபகமே வரலையே, ஏன் மார்லீன்?" என்றாய். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் போய் மனுவைக் கொடுத்தேன். இப்போதும் சுமக்கிறேன்.

அதைக்கூட நீ ஒருநாள் மறந்திருப்பாய் என்று நினைக்கிறேன். மனு மீதான விசாரணையில் நடந்ததை மறக்க மாட்டாய். சங்கத்தின் வக்கீல் பிட்மன் எழுந்து, நீ பதவிக்குத் தகுதியில்லை என்று காட்ட, நீ எடுத்த பழைய அழைப்பு ஒன்றின் ஒலிப்பதிவைப் போட்டான். லிங்கன் தெரு கிழக்கிலும் உண்டு, மேற்கிலும் உண்டு. அழைத்த பெண் பதற்றத்தில் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை, நீ கேட்கவில்லை, ஆம்புலன்ஸ் ஊரின் மறுகோடிக்குப் போயிற்று. அவள் அப்பாவைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த அழைப்பு வந்த அன்றைக்கு உன்னை வீட்டில் கொண்டுவிட்டது நான். வழியில் வண்டியை ஓரம் கட்டி நீ வாந்தியெடுத்ததைப் பார்த்ததும் நான் மட்டும்தான். அந்தப் பெண்ணின் அலறலை அத்தனை பேர் முன்னால் மறுபடி கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தடவை. அப்புறம் எழுந்து வெளியே போய்விட்டாய்.

நான்தான் பிட்மனுக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைக்கிறாய். இல்லை, யோலண்டா. என் பிள்ளைகள் மேல் சத்தியம், இல்லை. நகராட்சி கொடுத்த பதிவுகளில் அவனே தோண்டி எடுத்திருக்கிறான். கதவு சாத்தியபின் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. நான் எழுந்து, "நிறுத்துய்யா அத! அந்தச் சீட்ல உட்கார்ந்த எல்லாருக்கும் இப்படி ஒரு ஃபோன் கால் இருக்கு. எனக்கும் இருக்கு. தேடி எடுத்து அதையும் போடேன்!" என்று கத்தினேன். பிட்மன் என் காதருகே வந்து, "நீங்க ஜெயிக்கணுமா, வேண்டாமா?" என்றான். அதற்குள் பதிவு ஓடி முடிந்துவிட்டது.

ஜெயித்தோம். உன் நியமனத்தை ரத்து செய்தார்கள். யாரும் கேக் வெட்டவில்லை. நீ பழைய இடத்துக்குத் திரும்பாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்தாய். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன். விளக்கு எரிந்தது, டிவி ஓடிக்கொண்டிருந்தது, நீ திறக்கவில்லை. அந்தக் கதவின் முன் நின்று அழுதேன். எங்கம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை அதே பதவிக்குத் தேர்வு வைக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் நடத்துகிறார்கள். விடைத்தாளில் யார் பெயரும் இருக்காது, முதல் மதிப்பெண் வாங்குபவருக்கே வேலை. ராஜினாமா செய்திருந்தாலும் நீ எழுதலாம் என்று தீர்ப்பில் தனியாக ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி யார் பிட்மனின் உயிரை வாங்கினார்கள் என்று கேட்காதே.

நீ வராவிட்டால் நானும் எழுத மாட்டேன் என்று சொல்வேன் என எதிர்பார்க்காதே. எழுதுவேன். கிடைத்தால் வாங்கிக்கொள்வேன். பிறகு ஆயுளுக்கும், யோலண்டா வந்திருந்தால் என்று நினைத்தபடியே வேலை பார்ப்பேன்.

என்னோடு பேச வேண்டாம். எங்கள் வீட்டில் தங்க வேண்டாம். என் முகம் தெரியாத மூலையில் உட்கார்ந்துகொள். வந்து எழுது. எழுதி என்னைத் தோற்கடி. உன்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு வேலை செய்ய எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

கடவுள் உன்னையும் டெரலையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

'உன்' என்று போட்டுக்கொள்ள இன்னும் விடுவாய் என்றால்,
உன் மார்லீன்